இரவில் விழித்திருப்போர்க்கு நாம் பட்ட கடன்



காலை எட்டு மணி அளவில் அச்சுவேலிச் சந்தியில் சற்று நின்று பாருங்கள். வெங்காயப் பிடிகளையும் கத்தரிக்காய்ச் சாக்குகளையும் லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு விரைகிறவர்கள், பாண் வாங்க வந்தவர்கள், நேரம் பிந்திவிட்டதென்று ஓட்டமும் நடையுமாகப் போகும் பாடசாலைப் பிள்ளைகள், கந்தோருக்குப் புறப்பட்டவர்கள் என்று ஊர் முழுவதும் பகலைத் தொடங்கிக்கொண்டிருக்கும். அந்த வேளையில் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். கண்கள் சிவந்திருக்கின்றன. கையில் வெறும் சாப்பாட்டுப் பெட்டி. ஊரார் எல்லாரும் போகும் திசைக்கு எதிர்த் திசையில் அவள் நடக்கிறாள். அவள் ஒரு தாதி. இரவு முழுவதும் நோயாளர் விடுதியில் நின்றுவிட்டு வருகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு என்ன கிடைக்கிறது? முற்றம் கூட்டாமல் கிடக்கிறது. மாமியார் உலையை வைத்துவிட்டு மருமகளுக்காகக் காத்திருக்கிறார். உடுப்புத் தோய்த்து, கறி வைத்து, குளித்துப் படுக்கும்போது மணி பத்தரை. பதினொரு மணிக்கு அயல் வீட்டார் கலியாணக் காட்டுடன் வருகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு எங்கோ ஒரு திருவிழா ஒலிபெருக்கி தொடங்குகிறது. ஒன்றரைக்குப் பிள்ளை பாடசாலையால் வந்து, “அம்மா” என்று கதவைத் தட்டுகிறது. அவள் எழும்பிவிடுகிறாள். மாலையில் மீண்டும் அதே பஸ்.

இவள் யாரென்று தேட வேண்டாம். தனியொருத்தியை மனத்தில் வைத்து இதனை எழுதவில்லை. பல வீடுகளில் பல பெண்களும் ஆண்களும் சொல்லக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இவர்களைப் பற்றி நாம் பேசும்போது, “பாவம், கஷ்டப்பட்டு உழைக்கிறார்கள்” என்று ஓர் இரக்கச் சொல்லுடன் நிறுத்திக்கொள்கிறோம். இரக்கம் நல்லதுதான். ஆனால் இங்கே இருப்பது ஒரு நீதிப் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன். இரவில் விழித்திருப்பவர்களுக்கு, இரவில் தூங்குகின்ற நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? இதுவே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

முறை என்ற பழைய சொல்

இராவேலை நம் ஊருக்குப் புதிதன்று. இறைப்பு இயந்திரம் வருமுன், இந்தச் செம்மண் தோட்டங்களுக்குத் துலா மிதித்தே நீர் பாய்ச்சினார்கள். வெயிலுக்கு முந்த வேண்டும் என்பதற்காகக் கோழி கூவுமுன்னரே இறைப்புத் தொடங்கும். துலாவில் ஏறி மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், வாய்க்காலில் நின்று பாத்தி மாற்றுபவர் என்று பலர் ஒன்றாக நிற்பார்கள். ஒரே கிணற்றில் பலருக்குப் பங்கு இருக்கும். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று இறைப்பு முறை வைத்து நடந்தது. வசதியான முறையும் வசதிக் குறைவான முறையும் ஆள் மாறி ஆளுக்குப் போய்ச் சேர்ந்தன. 'முறை' என்ற அந்தச் சொல்லுக்குள் ஒழுங்கும் இருந்தது, நியாயமும் இருந்தது.

தொண்டைமானாற்றிலும் மயிலிட்டியிலும் கடலை நம்பியவர்களும் இரவிலேதான் தொழில் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். ஆனால் கரையோரத்தில் ஊரே அந்த மணிக்கூட்டை அறிந்திருந்தது. விடியற் காலை வலை தட்டி, மீன் விற்று, கஞ்சி குடித்துவிட்டு நிழலில் சரிந்தவனை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரனும் அப்படித்தான் சரிந்து கிடந்தான்.

பின்னர் வேறு வகையான இராவேலை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. சூரியன் மறைந்த பின்பும் இயந்திரத்தை ஓட்டலாம் என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். மின்விளக்கு வந்தபின் இரவுக்கும் பகலுக்கும் இடையிலிருந்த வேலி முற்றாக விழுந்தது. நம் பக்கத்தில் அதனை வெளிப்படையாகக் காட்டியது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. 1950இல் தொடங்கிய அத்தொழிற்சாலை, 1990இல் யுத்தம் அதனை மூடும்வரை வலிகாமத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. சீமெந்துச் சூளைக்குள் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பம் வேண்டும். அதனை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. ஆகவே நெருப்புத் தூங்காதிருக்க மனிதர்கள் மாறி மாறி விழித்திருந்தார்கள்.

அதன்பின் வந்த யுத்த இரவுகளை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தவர் எவரும் தூங்கவில்லை. பதுங்குகுழிக்குள் விடிந்த எத்தனையோ இரவுகளை நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் அறிவர். தூக்கம் பறிபோவது என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த ஒரு சமுதாயம், இன்று தன் நடுவே தூக்கத்தை இழப்பவர்களைக் கவனியாதிருப்பது வியப்பாகவே இருக்கிறது.

இன்று யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாதியரும் வைத்தியசாலைச் சிற்றூழியரும். வங்கிகளிலும் கட்டடங்களிலும் பன்னிரண்டு மணி நேரக் காவல் நிற்கும் ஓய்வூதிய வயதினர். நமது காலைப் பாணுக்காக நள்ளிரவில் மாப் பிசையும் வெதுப்பகத் தொழிலாளர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இரவு பஸ் ஓட்டும் சாரதிகள். வெளிநாட்டவரின் பகலுக்கு ஏற்பத் தங்கள் இரவைக் கணினி முன்னால் கழிக்கும் இளைஞர்கள். யுத்தத்தில் அழிந்த அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை 2014இல் இந்திய உதவியுடன் மீண்டும் அமைக்கப்பட்டது. தொழில் வளர வேண்டும் என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம். தொழில் வளரும்போது இராமுறையும் கூடவே வளரும் என்பதை இப்போதே எண்ணிக்கொள்வது நன்று.

பழைய இராவேலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அன்று இரவு விழித்தவனோடு அவனுடைய ஊரும் சேர்ந்து விழித்தது, சேர்ந்து தூங்கியது. இன்றைய இரவு ஊழியன் தனியாக விழிக்கிறான். ஊர் விழித்திருக்கும்போது தனியாகத் தூங்க முயல்கிறான். அவனுடைய களைப்பில் பாதி வேலையினால் வருவது. மறு பாதி இந்தத் தனிமையினால் வருவது.

உடல் பொய் சொல்லாது

“பழகினால் எல்லாம் சரிவரும்” என்று சொல்வார்கள். மருத்துவ அறிவு அப்படிச் சொல்லவில்லை. நமது மூளையின் அடிப்பாகத்தில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்புக் கலத் தொகுதி இருக்கிறது. அதுவே உடலின் மணிக்கூடு. கண்வழி வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. இருள் வந்ததும் மெலற்றோனின் என்ற சுரப்பு ஊறத் தொடங்கும். அதிகாலை நான்கு, ஐந்து மணி அளவில் உடற் சூடு மிகக் குறைந்த நிலைக்கு வரும். இந்த மணிக்கூடு உடலின் கலங்களுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே ஹோல், றொஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்களுக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இராவேலை செய்பவர் வேலை முடிந்து வெளியே வந்ததும் காலை வெயில் அவரை எதிர்கொள்கிறது. உடனே உள்ளிருக்கும் மணிக்கூடு, “இது பகல்” என்று முடிவு செய்துவிடுகிறது. எனவே பல ஆண்டுகள் இராவேலை செய்தாலும் பெரும்பாலோருடைய உடல் முழுமையாக மாறுவதில்லை. பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறுகியது, எளிதில் கலைவது. நீண்டகால இராவேலையோடு வயிற்றுக் கோளாறு, நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம், இராமுறை வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில் அதனை 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்தும் அதே முடிவையே சொன்னது. இதனால் இரவில் வேலை செய்பவர் எல்லோரும் நோயாளர் ஆவர் என்று பொருளில்லை; பயந்து வேலையை விட்டுவிடவும் வேண்டாம். ஆபத்து உண்டு, அதனைக் குறைக்க வழியும் உண்டு என்பதே பொருள்.

மற்றொன்று. ஏறத்தாழ பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ஓரளவு மது அருந்தியவருடையதைப் போலாகிவிடுகின்றன என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மதுவெறியில் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவரை நாம் கண்டிக்கிறோம். தூக்க வெறியில் ஓட்டிவருபவரை, “கெட்டிக்காரன், இரவும் பகலும் உழைக்கிறான்” என்று புகழ்கிறோம். அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணு நிலைய விபத்து 1979 மார்ச் 28ஆம் திகதி அதிகாலை நான்கு மணிக்கு நிகழ்ந்தது. போபாலில் நச்சுவாயு கசிந்தது 1984 டிசம்பர் 2ஆம் திகதி பின்னிரவில். செர்னோபில் வெடித்தது 1986 ஏப்ரில் 26ஆம் திகதி அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன்னர். இவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. தூக்கத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனாலும் மனிதக் கவனம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மிகப் பெரிய பொறுப்புகளை மனிதர் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை இவை நினைவூட்டுகின்றன.

சம்பளம் கொடுத்தால் கடன் தீருமா?

இனி அறக் கேள்விக்கு வருவோம். “அவர்கள் விரும்பித்தானே போகிறார்கள்? இராவேலைக்கு மேலதிகப் பணமும் கிடைக்கிறதே? இதில் அநீதி எங்கே?” என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதிலும் நிதானமாகவே சொல்லப்பட வேண்டும்.

முதலாவது, விருப்பம் என்பதை ஆராய வேண்டும். வீட்டுக்கடன், பிள்ளையின் படிப்பு, மகளின் சீதனம், வாரந்தோறும் வந்து நிற்கும் கடன் வசூலிப்பாளர் ஆகியவை ஒருவனைப் பின்னால் நின்று தள்ளும்போது, அவன் முன்னால் நடப்பதை முழு விருப்பம் என்று சொல்லலாமா? அவன் சம்மதித்தான் என்பது உண்மை. ஆனால் தேவையினால் கொடுத்த சம்மதம், மற்றவருடைய கடமையை இல்லாமற் செய்துவிடாது. உழைக்கும் நேரமும் ஓய்வும் வேலையின் தன்மைக்கும், இடத்துக்கும், உழைப்பவனின் உடல் வலுவுக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்று 1891இலேயே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் தொழிலாளர் சுற்றுமடலில் போதித்தார். சுரங்கத்தில் உழைப்பவனுக்கு வேலை நேரம் குறைவாயிருக்க வேண்டும் என்பது அவர் காட்டிய உதாரணம். இருளில் உழைப்பவனுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

இரண்டாவது, சம்பளம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? எட்டு மணி நேர வேலைக்காக. ஆனால் இரவு எடுத்துக்கொள்வது எட்டு மணி நேரத்தை மட்டுமன்று. மறுநாட் பகலை எடுக்கிறது. பிள்ளை படிப்புச் சொல்லிக்கேட்கும் மாலையை எடுக்கிறது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் நேரத்தை எடுக்கிறது. இவற்றின் விலையை எந்தச் சம்பளப் பட்டியலிலும் காணமுடியாது. பணம் ஒரு பகுதியை ஈடுசெய்யும். மீதியை, எடுத்த பொருளாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். தூக்கத்தை எடுத்தவர் தூக்கத்தையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நமது நாட்டுச் சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளின் தொழில் பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டுக் கைத்தொழில் நிலையங்களில் பெண்களின் இராவேலைக்கு வழிவிட்டது. அப்போது சில நிபந்தனைகளையும் விதித்தது. விருப்பத்துக்கு மாறாக ஒரு பெண்ணை இரவில் வேலை வாங்கக்கூடாது. பகலில் வேலை செய்தவளை இரவு பத்து மணிக்குப் பின் வைத்திருக்கக்கூடாது. மாதத்தில் பத்து இரவுக்கு மேற்படக்கூடாது. சம்பளம் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. ஓய்வறையும் சிற்றுண்டியும் வேண்டும். இவற்றில் சம்பளத்தைப் பற்றிய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மற்றவை யாவும் உடலையும் உறக்கத்தையும் பற்றியவை. ஆயினும் சட்டம் பேசியது பெண்களைப் பற்றி. வங்கி வாசலில் கதிரையில் அமர்ந்திருக்கும் அறுபத்தைந்து வயதுக் காவற்காரருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை.

எனவே ஓர் இராவேலை நீதியானதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். இந்த வேலை உண்மையாகவே இரவில்தான் நடக்க வேண்டுமா? நடக்க வேண்டுமாயின், அதன் சுமை முறைவைத்துப் பகிரப்படுகிறதா, அல்லது மறுத்துப் பேச முடியாத ஒருவர் மேலேயே எப்போதும் விழுகிறதா? எடுத்த தூக்கம் திருப்பிக் கொடுக்கப்படுகிறதா? வைத்தியசாலை முதற் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லும். நோய் மணி பார்த்து வருவதில்லை. ஆனால் அதுவும் மற்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லவே வேண்டும். பங்குக் கிணற்றில் இறைத்த நம் பாட்டன்மார் அந்த இரண்டாம் கேள்விக்குப் பதில் அறிந்திருந்தார்கள்.

தொழில் தருபவரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் முடியாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் இராமுறை வேலை செய்து நம் உறவினர் அனுப்பிய பணத்தில் எத்தனை வீடுகளுக்கு மேல்மாடி எழும்பியது? எத்தனை சாமத்தியச் சடங்குகள் மண்டபத்தில் நடந்தன? ஏன், நமது கோவில்களின் முகப்புகளும் மணிக்கூண்டுகளும்கூட? “அண்ணை, இன்னும் ஒரு லட்சம் போட்டுவிடுங்கோ” என்று நாம் தொலைபேசியில் சாதாரணமாகக் கேட்கிறோம். அந்த லட்சத்துக்குள் எத்தனை இரவுத் தூக்கம் இருக்கிறதென்று கேட்பதில்லை. தேவைக்குக் கேட்பது பிழையன்று. ஆடம்பரத்துக்குக் கேட்பது, ஒருவனுடைய உறக்கத்தை எடுத்து விருந்து வைப்பதாகும்.

என்னுடைய குற்றம்

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஒரு பங்கில் திருவிழா நவநாள் நடந்துகொண்டிருந்தது. காலைத் திருப்பலி முடிந்ததும் பகல் முழுவதும் பக்திப் பாடல்கள் ஒலிபெருக்கியில் போகும். மக்களுக்கு உற்சாகமாயிருக்கும் என்று நானே அனுமதித்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை ஒரு தாய் வந்தார். தயங்கித் தயங்கி, “சுவாமி, குறை நினையாதையுங்கோ. பூசைக்கோ பாட்டுக்கோ நான் எதிரில்லை. இந்தக் கிழமை எனக்கு நைற் டியூட்டி. அந்த ஸ்பீக்கரை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிவிட்டால் காணும்” என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கோவிற் பாட்டைக்கூடப் பொறுக்க முடியாதா என்று எண்ணினேன். அவரிடம், “ஒன்பது நாளைக்குத்தானே, கொஞ்சம் அனுசரியுங்கோ” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு நாட்களின் பின் அவர் வேலையால் வரும் வழியில் சைக்கிளுடன் மதிலில் மோதி விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். பெரிய காயம் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. “கண் அயர்ந்திட்டுது, சுவாமி” என்று மட்டும் சொன்னார். ஒலிபெருக்கியை அன்றைக்கே திருப்பி வைத்தோம். பகலில் நிறுத்தியும் விட்டோம். அதனால் திருவிழாவுக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை.

2007இல் நமது உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளைப் பற்றித் தீர்ப்பளித்தபோது, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை அமைதி காக்கப்பட வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது. இரவில் தூங்குவோருக்கு அது ஒரு கவசம். பகலில் தூங்கவேண்டியவருக்கு அப்படியொரு மணிநேரம் ஒதுக்கப்படவில்லை. அவருடைய கவசம் அயலவரின் மனச்சாட்சி ஒன்றுதான். ஓர் ஆளுக்காக ஊர்த் திருவிழாவை நிறுத்த முடியுமா என்று கேட்கலாம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒலியைக் கோவில் வளவுக்குள் அடக்கினால் போதும். மைக் இல்லாத காலத்திலும் நம் முன்னோர் திருவிழாச் செய்தார்கள்.

கெத்சமனித் தோட்டத்தில் சீடர்கள் தூங்கிப்போனபோது, ஆண்டவர் வருந்தினார். ஆனால் அவர்களுடைய உடலின் வலுவின்மையையும் அவரே எடுத்துச் சொன்னார். உடலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஏற்பது பலவீனத்துக்கு இடங்கொடுப்பதாகாது. நாமோ, பகலில் படுத்திருப்பவரைக் கும்பகர்ணன் என்று பகிடி பண்ணுகிறோம்.

உழைப்பவரும் வீட்டாரும் செய்யக்கூடியவை

இரவில் உழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. குடும்பத்துக்காக உங்களை வருத்திக்கொள்வது தியாகம். ஆனால் இரவு காவல் நின்றுவிட்டு, பகலில் தோட்டமும் கொத்தி, மறுபடி இரவு காவலுக்குப் போவது, நீங்கள் யாருக்காக உழைக்கிறீர்களோ அவர்களிடமிருந்தே உங்களைப் பறித்துவிடும். உயிர் நமக்குக் கொடுத்துவைக்கப்பட்ட பொருள், செலவழிக்கலாம், வீணடிக்கலாகாது.

வைத்தியர்கள் சொல்லும் சில எளிய வழிகளைச் சேர்த்துத் தருகிறேன். இராமுறை தொடங்கும் முதல் நாள் பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது படுத்தெழும்புங்கள். வேலைத்தலத்தில் அனுமதி இருந்தால் இடையில் இருபது நிமிடம் கண்ணயர்வது பெரும் உதவி. தேநீர், கோப்பியை முறையின் முற்பாதியுடன் நிறுத்துங்கள். விடியற்புறம் குடித்தது வீட்டுக்கு வந்தபின்னும் உங்களை விழிக்கவைக்கும். நள்ளிரவில் வயிறு முட்டச் சோறு வேண்டாம். சிறிய, எளிதில் செரிக்கும் உணவு போதும். வீடு திரும்பும்போது வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடலாம். கண் சொருகினால் வண்டியை எடுக்காதீர்கள். பஸ்ஸில் வாருங்கள், அல்லது சிறிது நேரம் படுத்துவிட்டு வாருங்கள். வந்ததும் வீட்டு வேலையில் இறங்காமல் முதலில் தூங்குங்கள். சன்னலுக்குத் தடித்த சீலை போட்டு அறையை இருளாக்குங்கள். தொலைபேசியை மற்ற அறையில் வையுங்கள். மதுவையோ, வைத்தியரைக் கேளாமல் தூக்க மாத்திரையையோ நாடாதீர்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இராமுறைக்கு ஏற்ற மருந்து நேரத்தை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். முறை மாற்றப்படும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாறுவது உடலுக்கு எளிது. பின்னோக்கி மாறுவது கடினம். இதனைப் பொறுப்பாளர்களிடம் எடுத்துச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஞாயிறு காலையில் கண் திறக்க முடியாமல் திருப்பலியைத் தவறவிட்டு மனம் நொந்துகொள்வோர் பலர். சனி மாலைத் திருப்பலியிலே பங்குபற்றினாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்பதைத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. நோயாளியின் பக்கத்தில் நின்று இரவைக் கழித்தவர், கோவிலில் தூங்கி விழுந்தால் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை.

வீட்டாருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இராவேலை செய்பவரின் பகல் தூக்கத்தை, வீட்டில் ஒரு நோயாளியின் மருந்தை எப்படிக் காப்பீர்களோ அப்படிக் காத்துக்கொள்ளுங்கள். முற்றம் ஒரு நாள் கூட்டாமல் கிடக்கட்டும். உலையை மாமனாரும் வைக்கலாம், மகனும் வைக்கலாம். தாதியான மனைவியின் சம்பளத்தை இருவருடைய வருமானம் என்று எண்ணும் கணவன், சமையலையும் இருவருடைய வேலை என்று எண்ண வேண்டாமா? பிள்ளைகளுக்கு, “அம்மா படுத்திருக்கிறா” என்பதற்குப் பதிலாக, “அம்மா இரவு முழுக்க நோயாளிகளைப் பார்த்தவ, இப்ப எங்கட முறை” என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளை அந்த வயதில் கற்கும் அமைதி, பின்னர் அவனை நல்ல கணவனாகவும் நல்ல அயலவனாகவும் ஆக்கும். எவ்வளவு மாறி மாறி வேலை வந்தாலும், ஒரு நாளில் ஒரு நேரமாவது எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மாலை நான்கு மணியாக இருந்தாலும் பரவாயில்லை.

வாசகர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் ஒழுங்கையில் பகலில் தூங்குகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்தக் கிழமை விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். அந்த வீட்டுப் படலையைக் கடக்கும்போது மோட்டார்சைக்கிளின் ஹோர்னை அடிக்காதீர்கள். கலியாணக் காட்டுக் கொடுக்கப் போவதானால் மாலை ஐந்து மணிக்குப் போங்கள். தென்னை பிடுங்குவதையும் கிணறு வெடிவைப்பதையும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நாளை உங்கள் வீட்டில் ஒருவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு நோகலாம். அவரைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வைத்தியசாலைக்கு ஓடும்போது, அங்கே வெளிச்சமுள்ள ஒரு விடுதியில் ஒரு தாதி விழித்திருப்பாள். ஊசியில் மருந்தின் அளவைச் சரிபார்க்கும் அந்தக் கண்கள் அன்று பகல் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும் என்று அப்போது நீங்கள் மன்றாடுவீர்கள். அந்த மன்றாட்டை நிறைவேற்றும் வாய்ப்பு, இன்று காலை பதினொரு மணிக்கு அவளுடைய படலைக்கு முன்னால் உங்கள் கையிலேதான் இருக்கிறது.